அரசன் நிரப்பியது எதை?

நேற்று உம் பெயருக்கு, என் நூல்கடை முகவரியில், வெளிநாட்டுக் கவர் ஒன்று வந்தது. நீர் போய் எட்டு மாதம் ஆகிறது. பிரித்தது நான்தான், கோபித்துக்கொள்ள நீர் இல்லை. உமது விளக்கம் பொருந்துகிறது, என் கட்டுரையில் உம் பெயரைக் குறிப்பிடப்போகிறேன் என்று, நீர் கட்டுரை அனுப்பிய அந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் எழுதியிருக்கிறார்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருப்பவருக்கு லூவியன் என்ற செத்துப்போன மொழியோடு என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. யுத்தத்தில் சிரியாவில் இருந்தபோது ஒரு கல்லில் கண்ட எழுத்து அது, கையும் காலும் மாட்டுத்தலையுமாக. ஊர் திரும்பியும் அது உம்மை விடவில்லை. பிறகு துருக்கியில் ஒரே செய்தியை லூவியனிலும் இன்னொரு பழைய மொழியிலும் வெட்டிய கல் கிடைத்தது. அது அச்சான சஞ்சிகையை மதுரையிலிருந்து வரவழைத்து, முழுவதையும் கையால் பிரதி எடுத்தீர். அதில் ஓர் அரசன் தன் பெருமையை அடுக்குகிறான். இன்னதை நிரப்பினேன் என்கிறான். அந்த 'இன்னது' எது என்பதில்தான் சிக்கல். அந்த இடத்தில் மற்ற மொழியில் இருந்த சொல்லும் புரியாத சொல்லாம்.

குளம் என்றீர். நானும் அதையே சொன்னேன். மழை பொய்த்துக் கிடந்த நம் பக்கத்தில் வேறு என்ன தோன்றும்? பாயிண்ட்ஸ்மேனிடமும் டீக்கடைக்காரரிடமும் கேட்டீர். அவர்களும் குளம் என்றார்கள். ஆறு மாதம் மெனக்கெட்டு இங்கிலீஷில் கட்டுரை எழுதினீர். இந்த ஒன்றாவது தன் பெயரில் நிற்கவேண்டும் என்றீர். உமக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அதை டைப் அடிக்க நான் வாங்கிப் போக வந்த மாலையில்தான் அந்தப் பெண் வந்தாள். சிவகிரிப் பக்கம் அறுப்பு முடித்து, கூலி நெல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தென்காசி வண்டிக்குக் காத்திருந்தவள். மூட்டையை நிறுத்துக்கொண்டே அவளிடமும் கேட்டீர்.

"கொளத்த மழைல்லாய்யா நெறப்பும்," என்றாள். "ராசா நெறப்புனா குலுக்கையத்தான் நெறப்பியிருப்பாரு."

தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கையைச் சொல்கிறாள். நான் சிரித்துவிட்டேன். நீர் சிரிக்காமல் பிரதியைப் புரட்டினீர். முந்தைய வரியில் நாட்டின் செழிப்பு. அடுத்த வரியில் குதிரைகளும் கேடயங்களும் சேர்த்தது. நடுவில் குளத்துக்கு என்ன வேலை? அதற்குள் அவள் வண்டியேறிப் போய்விட்டாள்.

"அந்தப் பொம்பள சொல்லுததுதான் சரி வே. நான் எழுதுனது பூரா தப்பு," என்றீர்.

எழுதியதை அப்படியே அனுப்பும் என்று சண்டை போட்டேன். நீர் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதினீர். என் கடை மிஷினில் அடித்தவன் நான். கடைசியில் நீர் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விட்டேன். அதைப் படித்தால் துரை சிரிப்பான், உம் பெயர் கெடும் என்று எனக்குப் பயம். நீர் என்னை நம்பி, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர். கடைசிவரை உம்மிடம் அதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது வே.

இன்று காலை பேராசிரியருக்குப் பதில் அடித்தேன். அவர் கட்டுரை அச்சேறிவிட்டதா, தெரியாது. நீர் இறந்த செய்தியை முதலில் எழுதினேன். அதன் கீழே, எனக்கு மனப்பாடமாகிவிட்ட உம் வரியை ஒரு சொல் மாறாமல் அடித்தேன்: "இந்தப் பொருளைச் சொன்னவள் அறுப்புக் கூலிக்கு வந்த ஒரு பெண். அவள் பெயரைக் கேட்காமல் விட்டது என் பிழை."