இனிஷியலை என்ன செய்தாய்?

அன்புள்ள கன்னக்குழிக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசலாம் என்றால் நீ மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், நான் கத்துவேன், எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி. பாதியில் மூடி வைத்தாயானால் எனக்குத் தெரிந்துவிடும், உன்னைப் பெற்றவள் நான்.

முதலில் அப்பா கை. பட்டறையில் இழைப்பு மிஷின் பட்டபோது சின்னக் காயம் என்றுதான் உன்னிடம் சொன்னேன், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இந்த மனுஷன் அதில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார், சொன்னால் கேட்கிற ஜென்மமா? இப்போது வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மூட்டுக்குள் சீழ் போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். கை தப்பிவிடும், ஆனால் அந்த இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும், இனி மடங்காது. "சாப்பிடலாம், எழுதலாம், ஒண்ணும் குறை வராதும்மா" என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதை நான் அப்பாவுக்குக் கையால் சொன்னேன். அவர் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் நான் எப்படிப் பேசுவது என்று கேட்டார். டாக்டருக்கு அது விரல், காது கேட்காதவருக்கு அதுதான் நாக்கு. இதை அந்த அறையில் நின்றுகொண்டு நான் யாருக்கு விளக்குவேன் சொல்லு. கடைசியில் சரி என்று தலையாட்டினார், ஆனால் ஒரு கண்டிஷன். விரல் மடங்கும்போதே பொண்ணுகிட்ட ஒரு தடவை பேசணும் என்றார்.

இதில் என்ன கஷ்டம் என்பாய். உன் புண்ணியத்தில்தான் கஷ்டம். பழைய வேலையில் இருந்தவரை ஒரு தொல்லையும் கிடையாது. காது கேளாதோர் சங்கத்து ஹாலில் வீடியோவில் பேச இருக்கிற பெரிய திரையும் ஆபீஸ் கொடுத்த உன் வீட்டுத் திரையும் ஒரே கம்பெனி, நம்பரை அழுத்தினால் நீ வந்து நிற்பாய், இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொள்வீர்கள், நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வேலை மாறினாய், புது ஆபீஸ் கொடுத்த திரை வேறு கம்பெனியாகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஆகாதாம், நம்பர் போட்டால் எடுக்காதாம். சின்னப் போனில் பேசலாமென்றால் கண்ணில் புரையை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு உன் விரல் தெரிவதில்லை, படமும் நடுநடுவே உறைந்துவிடுகிறது. அப்போது நீதான் சொன்னாய், இனிமே நம்பர் வேண்டாம்மா, அட்ரஸ் போட்டுக் கூப்பிட்டா எந்தக் கம்பெனியா இருந்தாலும் வரும், நான் இந்தப் பக்கம் எல்லாம் செட் பண்ணிட்டேன், ஹால் திரைக்கு அட்ரஸ் இல்ல, அதனால நீங்கதான் கூப்பிடணும் என்று. என்ன அட்ரஸ் என்று கேட்டேன். பேர், அப்புறம் அந்தச் சுழித்த ஏ, அப்புறம் கம்பெனி பேர் என்றாய். எழுத்து எழுத்தாகச் சொல்லுடி என்றேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "என் பேர்தாம்மா. என் பேர் உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதானே நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலுக்குப் போவார். உன் பேரைப் போடுவார். இப்படி ஒருவர் இல்லை என்று திரை சொல்லும். மறுபடி போடுவார். பின்னால் கேரம் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இவரைப் பார்ப்பார்கள். சங்கச் செயலாளர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார், எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. உன்னைக் கேட்டால் என் பக்கமும் சரி என்றாய். எல்லார் பக்கமும் சரி, நடுவில் உன் அப்பா மட்டும் உட்கார்ந்திருக்கிறார். யார் அந்தத் திரையை ரிப்பேர் பார்ப்பது என்று நான் சண்டை போடாத ஆள் இல்லை. செயலாளர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் பாத்ரூம் பக்கம் போய்விடுகிறார்.

அப்புறம் போன வாரம் நீ ஒரு போட்டோ அனுப்பினாய், புது ஆபீஸ், கழுத்தில் அடையாள அட்டை. மெலிந்திருக்கிறாயா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், மெலிந்துதான் இருக்கிறாய், அதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். அட்டையில் உன் பேர் இருந்தது. முன்னால் இனிஷியல் இல்லை. பின்னாலும் இல்லை. வெறும் பேர், மொட்டையாக. உடனே ஹாலுக்குப் போய் அந்த முதல் எழுத்தை விட்டுவிட்டு நானே போட்டேன். மணி அடித்தது. நீ வீட்டில் இல்லை, ஆனால் அடித்தது. இத்தனை வெள்ளிக்கிழமையும் எங்கே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து அப்பா எழுத்தை முன்னால் போடாமல் உன் பேரை நாங்கள் எழுதியதே இல்லையே, வேறு எப்படிப் போடுவோம்? உனக்குப் போன் பண்ணிக் கேட்டால், "இங்க யாருக்கும்மா இனிஷியல் புரியுது, ஆளாளுக்கு அது என்னன்னு கேக்குறாங்க, அதான் எடுத்துட்டேன்" என்கிறாய். சட்டையில் ஒட்டியிருக்கிற நூலை எடுக்கிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு அது எங்க அப்பா என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? எங்களிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, தொலையட்டும், ஆபரேஷன் முடியட்டும், பிறகு சண்டை போடலாம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த எழுத்தை எடுத்துவிட்டுப் போட்டேன். மணி அடிக்கும்போது அட்ரஸ் திரையில் பெரிதாக வரும் இல்லையா, அதைப் பார்த்தார். கையை நீட்டி அணைத்துவிட்டார். எழுத்தைச் சேர்த்துப் போட்டார். இல்லை என்று வந்தது. ஆள் மாறவில்லை, இதுவும் அவள்தான் என்று எவ்வளவோ சொன்னேன். வீங்கிய விரலால் திரையில் அந்த முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். இது நான், நான் இல்லாத பேரை நான் போட மாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் பிடிவாதம், உனக்கும் பிடிவாதம். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

அவர் மேலும் எனக்குக் கோபம்தான், அதை அவரிடம் கையாலேயே காட்டிவிட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். உன் பேரை அவர் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. அவருக்கு நீ இரண்டே விதம். ஒன்று எழுத்து. இன்னொன்று அவர் கையால் வைத்த பேர், ஆள்காட்டி விரலை வளைத்துக் கன்னத்தில் ஒரு குழி. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த விரல் வளையாது. மிச்சம் இருப்பது எழுத்துதான், அதில் அவருடைய பங்கு அந்த முதல் எழுத்து மட்டும்.

ஒரே திரைக்கு இரண்டு அட்ரஸ் வைக்கலாமாம், எதைப் போட்டாலும் உன் வீட்டில் மணி அடிக்குமாம், உன் பக்கம்தான் செய்ய வேண்டுமாம். செட் பண்ணத் தெரிந்தவள்தானே நீ, செய். ஆபீஸில் மொட்டையாக இருந்துகொள், நான் கேட்க மாட்டேன்.

சித்தப்பா விசாரித்தார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, இந்தக் கையை வைத்துக்கொண்டு அதைத் தானே பார்ப்பேன் என்கிறார் அப்பா. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. எவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக, நிறைவாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசி. மறந்துவிடாதே, ஆபரேஷனுக்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் வந்து உட்காருவார். எழுத்தைச் சேர்த்துத்தான் போடுவார். இல்லை என்று வரக்கூடாது.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா