ஏலக்காய் டப்பாவில் இருந்த நகல்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஏலக்காய் டப்பாவைத் திறந்தேன். தேநீருக்காக இல்லை. காய்களுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த பென்டிரைவை எடுத்தேன். நான்கு வருடமாக அது அங்கேதான் கிடக்கிறது. உறையைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. வண்டன்மேட்டில் ஏலக்காய் வாசனை யார் மூக்கிலும் தனியாக ஏறாது, காற்றே அதுதான். இந்தச் சின்னப் பொருளிலிருந்து வரும்போது மட்டும் எனக்குத் தனியாக ஏறுகிறது.

அதில் இருப்பவை உன் குறிப்புகள். நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்பது தெரியாமலேயே நீ போய்விட்டாய்.

நேற்று உன் மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். சனிக்கிழமை உன் ஆண்டுப் பூசைக்கு வருகிறாளாம். "சித்தி, அம்மாவோட லேப்டாப் அலமாரி மேலயே கெடக்கு. அத எப்படியாச்சும் தொறக்க முடியாதா?" என்று கேட்டாள். பாஸ்வேர்ட் இல்லாமல் யாராலும் முடியாது என்றேன். பிறகு, "அம்மா என்னையப் பத்தி ஏதாச்சும் எழுதிருக்குமா சித்தி?" என்றாள். தெரியவில்லை என்றேன். நான் சொன்ன இரண்டுமே உண்மைதான். பொய் சொல்லாமல் ஏமாற்றுவதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. உன்னை வைத்துத்தான் பழகினேன்.

சூரியநெல்லிப் பக்கம் தோட்டத்துக் கம்பெனி கட்டிக் கொடுத்த ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு. நான் தமிழ் மீடியம், நீ மலையாள மீடியம். பின்னால் இருவரும் வண்டன்மேட்டுக்கே வந்து சேர்ந்தோம். நான் விண்ணப்பங்கள் அனுப்பித் தரும் கம்ப்யூட்டர் கடை வைத்தேன். நீ வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் ஆனாய். புண்ணின் அளவு, குழாய் மாற்றிய நாள், மருந்து எல்லாம் ஆபீஸ் நோட்டில் இருக்கும். அவர்கள் வாயால் சொன்னது மட்டும் உன் சொந்தக் குறிப்பில். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கேக்க ஆளில்லாமத்தான் என்கிட்ட சொல்லுதாங்க. நானும் மறந்துட்டேன்னா அவங்க சொன்னதுக்கு என்னட்டி அர்த்தம்?" என்றாய்.

முதலில் அவையெல்லாம் உன் போனில் ஏதோ ஒரு செயலியில் இருந்தன. அதை நடத்தியவர்கள் கடையை மூடியபோது, அவரவர் குறிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தார்கள். அந்த ஆடி மழையில் நம் மலையில் இரண்டு வாரம் நெட் இல்லை. நீ மெயில் பார்க்கிற ஆளும் இல்லை. நெட் வந்தபோது குறிப்பெல்லாம் போயிருந்தது. என் கடை வாசலில் வந்து நின்றாய். குடையைக்கூட மடக்கவில்லை.

"கம்பெனி வீட்டுல பொறந்து வளந்தவ நான். அப்பா ரிட்டயர் ஆனதும் சாமானத் தூக்கி முத்தத்துல வச்சதக் கண்ணால பாத்தவ. திரும்பவும் போயி இன்னொரு கம்பெனி வீட்டுலயே சாமான வச்சிருக்கேன் பாரு. புத்தி வேண்டாமா எனக்கு?"

லயத்தில் பிறந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நான் தேடிப் பிடித்து உனக்கு வேறு ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். அதுவும் போனில் திறக்கிற ஒரு பக்கம்தான். ஆனால் எழுதுவது எதுவும் ஊரான் இடத்தில் தங்காது. என் கடையில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில், உன் வீட்டு அலமாரி மேல், பூட்டிய வடிவில் போய்ச் சேரும். சாவி என்றால் உன் பாஸ்வேர்ட் ஒன்றுதான். இதை மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை வந்தது. படித்துச் சொன்னேன். "இதுதாம்ட்டி எனக்கு வேணும்" என்று, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு டைப் செய்தாய்.

நீ எழுதிய விதமே பாதிப் பூட்டு. உனக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழ்ப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதுவாய். மலையாளிக்கு வாசிக்க வரும், நம் பேச்சு பிடிபடாது. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு எழுத்தே தெரியாது. விண்ணப்பம் எழுதி எழுதி மலையாளம் படித்துக்கொண்ட என்னைப் போல ஒருத்திக்குத்தான் இரண்டும் தெரியும். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாய்: "ஒருத்திதான் திருட முடியும். அவளும் நம்ம ஆளு."

என் அம்மா படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் நீதான் வந்தாய். நீ வந்தால் அம்மா என்னை வெளியே போகச் சொல்வாள். கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்கும், சொல் கேட்காது. எரித்து முடித்துக் காரியமும் ஆன பிறகு உன்னிடம் கேட்டேன், அம்மா என்ன சொன்னாள் என்று. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அது உங்கம்மா என்கிட்ட சொன்னது. ஒன்கிட்ட சொன்னதில்லட்டி."

இரண்டு மாதம் கழித்து லேப்டாப்பின் பேட்டரி ஊதிவிட்டது. வேறொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நீ பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்த நேரம் யாருக்கோ மூச்சுத் திணறல் என்று போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். "நீ பாத்துக்கோ" என்றாய். எல்லாவற்றையும் பூட்டு நீக்கி நகலெடுக்கும் பொத்தான் என் முன்னால் இருந்தது. மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுப்பது என் தொழில் வழக்கம். வேலை முடிந்ததும் அதை அழிப்பதும் அதே வழக்கம்தான். நான் பாதி வழக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா பெயரிலிருந்த ஒரே ஒரு குறிப்பைத்தான் திறந்தேன். தமிழில் எழுதும்போது த ஒன்றுதான், மலையாளத்தில் அதற்கே நான்கு எழுத்து. நீ காதில் விழுந்தபடியே அழுத்தத்தைப் பிரித்து எழுதியிருந்தாய். அதனால் வாசிக்கவில்லை, கேட்டேன். அம்மாவே பேசினாள்.

"எம்மவ என்னையக் குளிப்பாட்டுதா, பீ மூத்திரம் அள்ளுதா, ஒரு கொற சொல்லக்கூடாது. ஆனா அவ கை எம்மேல படும்போது, கடையில அப்ளிகேசன் எழுதுத மாதிரிதான் இருக்கு."

அன்று ராத்திரிக்குச் சோறு வடித்தபோது கஞ்சித் தண்ணீர் கையில் கொட்டியது. சுட்டது என்று தெரியவே நேரமாயிற்று. நீ எனக்காகத்தான் அதை மறைத்தாய் என்பது அப்போது புரிந்தது. உன்னிடம் வந்து அழ முடியாது. அழுதால் எடுத்தது தெரிந்துவிடும்.

பிறகு உனக்கே தலையில் கட்டி வந்தது. மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் இடத்துக்கு வந்த மலையாளிப் பெண் உன்னையே பார்க்க வந்தாள். நீ சொன்னதையெல்லாம் போனில் ஏற்றினாள். "இதெல்லாம் எங்கம்மா போவுது?" என்று கேட்டாய். "மேலேக்குப் போகும் சேச்சி" என்றாள், மேலதிகாரிகளுக்கு என்ற அர்த்தத்தில். "நானும் அங்கதாம்மா போறேன், கையிலேயே குடுத்து விடு" என்றாய். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீதான் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாய்.

அதற்கடுத்த வாரம் கல்லறைத் திருநாள். வருடம்தோறும் நீ பார்த்து அனுப்பிய ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி கொளுத்துவாய். எரித்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம். என் அம்மாவுக்கும் அங்கே ஒன்று எரிந்திருக்கிறது. அந்தப் பெண் வந்துபோன மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாய். தப்பு, தப்பு என்றே வந்தது.

"பேரு மட்டும் போதும்ட்டி. யாரு யாருன்னே வரமாட்டேங்குது. நீதான வச்சுக் குடுத்த, ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒன்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

என் முகத்தையே பார்த்தாய். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டாய். "அப்ப நீ சரியாத்தான் செஞ்சிருக்க. ஒன்னைய நம்பித்தான குடுத்தேன்."

அந்த நேரம் ஏலக்காய் டப்பா பத்து நிமிட நடையில் என் அடுக்களையில் இருந்தது. பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எங்கிருந்து என்று நீ கேட்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உன்னை அப்படியே விட்டேன். கல்லறைத் திருநாளில் உன்னை நாற்காலியில் தூக்கிப்போனார்கள். மெழுகுவத்திப் பாக்கெட் முழுவதையும் தோட்டத்துக் கதவருகே ஒரே இடத்தில் கொளுத்தச் சொன்னாய். காற்றில் பாதி அணைந்துவிட்டது. தை பிறந்த பத்தாம் நாள் நீ இல்லை.

இப்போது பென்டிரைவ் கடைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறது. தலைப்புகள் எல்லாம் பெயர்கள். உன் மகளின் பெயர் தலைப்பாக எங்கும் இல்லை. உள்ளே எங்காவது இருக்கலாம். அவள் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இதுவரை தேடவில்லை. டிரைவை அப்படியே அவளிடம் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். அவளுக்கு மலையாள எழுத்து தெரியாது. படித்துச் சொல்லுங்கள் சித்தி என்பாள். நான் வேண்டியதைச் சொல்லி, வேண்டாததை விட்டு, உன் வாயாக இருந்துவிடலாம். அதற்கும் என் கை பழகிவிடும். அதுதான் பயம்.

தலைப்புகளைப் பார்த்துப் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கையால். இரண்டு தாள் ஆகிவிட்டது. முடித்ததும் மற்றதை அழித்துவிடுவேன். அழிப்பது முதலில், சொல்வது பிறகு. மாற்றிச் செய்தால் அவள் கெஞ்சுவாள், நான் படித்துவிடுவேன். சனிக்கிழமை பூசை முடிந்து அவளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் கூட்டிப்போய்த் தாளைக் கொடுப்பேன். எங்கிருந்து சித்தி என்று அவள் கேட்பாள். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போது திருடியதையும், நீ தவித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், இன்று அழித்ததையும், என் அம்மா என் கையைப் பற்றிச் சொன்னதையும், இந்த வரிசையிலேயே சொல்லிவிடுவேன்.