முன்மொழிந்தவர்: ஸ்டெல்லா

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றிக் கெட்டதாக இருந்தாலும். காலாண்டு விடுமுறை, இரண்டாம் நாள். காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் போட்டும் குளிர்.

பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் மாதர் சங்கக் கூட்டம். 14 பேர். அம்மாதான் செயலாளர். விரலில் தையல் மெஷின் ஊசி ஏறிவிட்டதால் தீர்மான நோட்டு என் கையில். பெருமையாகத்தான் இருந்தது.

தலைவி ரெஜினா ஆன்ட்டி, மறைமாவட்ட மாநாட்டுத் தீர்மானத்தை வாசித்தார். உழைக்கும் பெண்களின் மாண்பு காக்கப்பட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா அக்கா. எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் இரண்டு தோழிகளோடு குடியிருப்பவர், சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பார்ட்ஸ் கம்பெனியில் நான்கு வருடமாக கான்ட்ராக்ட்.

"மாண்பு இருக்கட்டும் ஆன்ட்டி. செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ் மெயின் ரோட்டுலயே எறக்கிவிட்டுட்டுப் போயிருது. அங்கேருந்து காலனி வரைக்கும் ஒரு லைட்டு கெடையாது. பாத்ரூம் போனா சூப்பர்வைசர் வாட்ச்சப் பாக்குறாரு."

மேரி ஆன்ட்டி: "வாட்ச்சதானடி பாக்கறான், அந்தமட்டும் சந்தோஷப்படு."

ஒரே சிரிப்பு. ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை.

தீர்மானம்: 1. தெருவிளக்கு. 2. பஸ் காலனிக்குள் வர வேண்டும். 3. கழிப்பறைக்கு நேரம் பார்க்கக் கூடாது. நாளையே கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மனு.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இருக்க வேண்டும். பத்து வருட வழக்கம்.

ஸ்டெல்லா அக்கா: "எம்பேரு வேணாம் ஜெனி. சங்கம்னு பொதுவாப் போடு."

ரெஜினா ஆன்ட்டி: "அட, இது நம்ம நோட்டும்மா. பீரோவத் தாண்டி எங்க போவுது?"

எழுதினேன். முன்மொழிந்தவர்: ஸ்டெல்லா. அடைப்புக்குறிக்குள் கம்பெனி பெயரும். சொன்னது அவர்தானே. வழிமொழிந்தவர்: மேரி.

செப்டம்பர் 29, திங்கள்

கிருஷ்ணகிரி. சூளகிரி தாண்டியதும் வெயில். மனு கொடுக்க நீண்ட வரிசை. அம்மா, ரெஜினா ஆன்ட்டி, நான். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் எங்கள் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தீர்மான நகல் வெச்சீங்கன்னா வெயிட்டா இருக்கும்மா."

நோட்டோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடியது நான்தான். நகலை மனுவோடு பின் அடித்ததும் நான்தான். அப்போது ஸ்டெல்லா அக்கா பெயர் கண்ணில் பட்டது. வெட்டி ஒட்டி இன்னொரு நகல் எடுக்க இரண்டு நிமிடம் போதும். வரிசை நகர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வடை.

அக்டோபர் 1, புதன்

கம்பெனியில் ஆயுத பூஜை. ஸ்டெல்லா அக்கா ஒரு பை நிறையப் பொரி கொண்டுவந்தார். பஸ்ஸில் படிக்க என் லைப்ரரி கார்டில் ஒரு நாவல் கேட்டார். தடிமனாக வேண்டுமாம். "ஒரு மாசம் ஓடணும்டி." கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பள்ளி விட்டு வந்தேன். பின்போர்ஷன் கதவு திறந்திருந்தது. இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், இந்நேரம் அக்கா லைனில் இருக்க வேண்டும். யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மனு, தீர்மான நகலோடு, விளக்கம் கேட்டு கம்பெனிக்கே போயிருக்கிறது. ஆபீஸ் மேசையில் என் கையெழுத்து.

"கையெழுத்து நல்லாருக்கே, யாரு எழுதுனதுன்னு மேனேஜர் கேட்டாரு."

"நீங்க?"

"தெரியாதுன்னேன்."

கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

சாப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் மட்டும் போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

ஜெபமாலை இன்று எங்கள் வீட்டில். எல்லோரும் போனபின் அம்மாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். பாய்களைச் சுருட்டி வைத்தார். பிறகு, "அவ வேணாம்னு சொன்னப்ப நானும் அங்கதான்டி ஒக்காந்திருந்தேன்."

காலையில் அம்மாவும் ரெஜினா ஆன்ட்டியும் கம்பெனி கேட் வரை போய் வந்தார்களாம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. "லெட்டர் இருந்தா குடுத்துட்டுப் போங்கம்மா." ஃபாதர் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. தெருவெல்லாம் வெடி. கூட்டத்துக்கு ஐந்து பேர்.

மேரி ஆன்ட்டி உட்காரவே இல்லை. அவர் மகனும் அதே கம்பெனி. "எம்பேர அடிச்சிரு பாப்பா. எம்பையன் பொழப்பு போயிரும்." அம்மா, எழுதியதை அடிக்கக் கூடாது என்றார். மேரி ஆன்ட்டி என் பேனாவைப் பிடுங்கி அவரே அடித்தார். தாள் கிழிந்தது.

பொருள்: ஸ்டெல்லாவை மீண்டும் வேலைக்குச் சேர்க்கக் கோரி தொழிலாளர் அதிகாரிக்கு மனு. யார் முன்மொழிவது? அம்மா, "நான்" என்றார். வழிமொழிய யாரும் இல்லை. ரெஜினா ஆன்ட்டி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை தூக்கினேன்.

"ஒனக்குப் பதினெட்டு ஆவல கண்ணு" என்றார் ரெஜினா ஆன்ட்டி.

வழிமொழிந்தவர்: அந்த இடம் காலி. அப்படியே விட்டிருக்கிறேன். தீர்மானம் நிறைவேறவில்லை.

அக்டோபர் 22, புதன்

மழை விட்டதும் ஏணி வண்டி வந்தது. மெயின் ரோட்டிலிருந்து காலனி வரை ஒன்பது கம்பம், ஒன்பது விளக்கு. ரெஜினா ஆன்ட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டார். 'நம் சங்கத்தின் வெற்றி. இறைவனுக்கு நன்றி.' கும்பிடும் கைகள் பதினொன்று. மேரி ஆன்ட்டியுடையதும்.

பஸ் உள்ளே வராதாம். வாட்ச் பற்றிப் பதிலே இல்லை.

ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று பார்த்தார். "நல்ல வெளிச்சம்டி. புக்கே படிக்கலாம் போல."

அக்டோபர் 25, சனி

காலை 5.30. பனி. ஸ்டெல்லா அக்கா ஊருக்கு. அம்மா கட்டிக் கொடுத்தது இட்லி, மிளகாய்ப்பொடி. அக்காவின் தோழிகள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். பையின் ஒரு காது என் கையில், ஒரு காது அவர் கையில். ஒன்பது விளக்குக்கு அடியிலும் நடந்தோம்.

ஆறாவது கம்பத்தில் சொன்னேன். நகல் வைத்தது நான், பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன் என்று.

"தெரியும்டி."

கொஞ்சம் நடந்து, "வேணாம்னு சொன்னேன்ல ஜெனி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நாவலைத் திருப்பிக் கொடுத்தார். பாதியில் கம்பெனி பஸ் பாஸ் செருகியிருந்தது. எடுக்க மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா, கேட்கவில்லை.

பஸ் 6.05. அக்கா ஜன்னலோரம். கை காட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது ரோட்டில் விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள்.