தேய்பிறையில் வெட்டிய வேம்பு

மச்சான்,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வேப்பமரத் தூளின் கசப்பு வாசம் போகவில்லை. அந்தக் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் படித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு வெற்றிலையை மென்று முடித்துவிடலாம். இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. உங்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும் என்பது ஒன்றுதான் குறை.

புறக்கடை வேம்பு நுனி கருகி, ஒரு பக்கம் முழுக்கப் பட்டுப்போனது. அது விறகாகும் முன், நீங்கள் இல்லாமலே பலகை எடுத்து, உங்கள் தங்கை வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கோடையில் உங்கள் வாகையும் என் மாமரமும் ஒன்றாகக் காய்ந்தன. கோடாலியின் பின்புறத்தால் என் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்ள, வளர்பிறையில வெட்டுனா வண்டு உழுந்துருமுங்க. அமாவாசை நெருங்கட்டும்” என்றீர்கள். உங்கள் வீட்டுக்கு முந்தி என் வீட்டில் புதுக்கதவு ஏற வேண்டும் என்ற வெறியில் மறுநாளே வெட்டினேன்.

வருசம் திரும்புவதற்குள் கதவடியில் தினமும் வண்டு அரித்துக் கொட்டிய மஞ்சள் தூள். “வந்து பாருங்க, உங்க கதவு இன்னைக்கும் மாவரைச்சு வெச்சிருக்குது” என்பாள் உங்கள் தங்கை, விளக்குமாற்றோடு. நீங்கள் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த வாகைப் பலகையைச் சுமந்து வந்து வேறு கதவு செய்து மாட்டினீர்கள். சிரித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இந்தமுறை பௌர்ணமி கழிந்து பத்து நாள் பொறுத்தேன். பட்ட கிளைகளைக் கழித்து, அடிமரத்தை நானே தட்டிப் பார்த்து, சங்ககிரி மரமில்லுக்கு ஏற்றிப் போனேன். மரம் பிளந்தபோது நடுவில் செக்கச்செவேல் என்று வைரம். நான்கு பலகை தேறியது. “யாருங்க பாத்துச் சொன்னது? உங்க மச்சான் பக்குவம் மாதிரியே இருக்குதுங்க” என்றார் மில்காரர். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகியும் மில்லில் உங்கள் பேச்சுதான்!

வீட்டில் இறக்கியதும் உங்கள் தங்கை ஒவ்வொரு பலகையாகத் தடவினாள். காத்திருந்தேன்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. எங்கண்ணன் இருந்திருந்தா அஞ்சு எடுத்திருப்பாரு.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போனதும் சாக்பீஸ் எடுத்து மூன்று பலகையில் என் பெயரை எழுதினேன். நான்காவதில் உங்கள் பெயர், கொஞ்சம் சின்ன எழுத்தில். உங்கள் தங்கைக்குப் படிக்கத் தெரியாது. கேட்டால், அதுவும் என் பெயர்தான் என்று சொல்லிக்கொள்வேன்.