பெயர் எழுதிய கதவு

செப்ரெம்பர் 8, ஞாயிறு

கச்சான் காற்று. மல்லாவி முழுக்கப் புழுதி, வெக்கை. எங்கள் சபைக்குள் மட்டும் மார்கழி. இன்று ஏசி திறப்பு விழா. பாஸ்டர் நாடா வெட்டினார். புதுக் கண்ணாடிக் கதவுகளை இழுத்துச் சாத்தினோம். ஆமென் சொல்ல வேண்டிய இடமெல்லாம் தும்மல். மேரி அன்ரி பைபிள் சுற்றி வந்த துணியை அவிழ்த்துக் காதில் கட்டிக்கொண்டா. பிரசங்கம்: விசுவாசத்தில் வெதுவெதுப்பாய் இருக்கக்கூடாது.

செப்ரெம்பர் 10, செவ்வாய்

சபைக் குழுக் கூட்டம். நான் செயலாளர். அன்னம் அக்கா வந்து வாசலில் நின்றா. சபையைக் கூட்டித் துடைக்கிறவ. புருசன் இல்லை. வீட்டுத்திட்ட வீடு, காசு கூரையோடு முடிந்தது. வாசலில் கதவுக்குப் பதில் உரப்பை தொங்குகிறது. மகளுக்குப் பதினாறு வயது. கொஞ்ச நாளாக இரவில் எவனோ முற்றம் வரைக்கும் வந்து போகிறானாம்.

"பாஸ்டர், கழட்டின பழைய கதவில ஒண்டைத் தாங்கோ. நானே தூக்கிக்கொண்டு போறன்."

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "அக்கா, அதில கனடா அண்ணையின்ர பேர் எழுதிக் கிடக்கு. அவர் தந்த கதவு. வெளியில விட்டால் என்ன நினைப்பார்?"

"பேரைச் சுரண்டிப்போட்டுத் தாங்கோவன்."

சிலுவையைச் சுரண்டச் சொன்னமாதிரி எல்லோரும் அவவைப் பார்த்தார்கள்.

"ஜெபிப்பம் அக்கா," என்றார் பாஸ்டர்.

கதவு இப்போது எங்கே என்று கேட்டேன். பொருளாளர் அடுத்த விடயத்துக்குப் போனார்: ஏசியில் யார் பெயரை எழுதுவது. நெடுநேர விவாதம். ஏகமனதாக நிறைவேறியது.

செப்ரெம்பர் 11, புதன்

வாங்க: சைக்கிள் ரியூப், பனடோல், தேயிலை.

ஆலயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு கதவும் மண்ணில் படுத்திருக்கின்றன. மேலே ஏசிக்கு வாங்கிய ஜெனரேற்றர். மழை வந்தால் அது சேற்றில் புதையாமல் இருக்கவாம். எண்ணெய் ஒழுகி, கனடா அண்ணையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துத்தான் மிச்சம்.

கோபம்கூட உடனே வரவில்லை. சைக்கிள் ரியூப் வாங்க மறந்துபோனேன்.

செப்ரெம்பர் 13, வெள்ளி

பின்னேரம் அன்னம் அக்கா வீட்டில் வீட்டு ஜெபம். நடத்துவது உழவு மெசின் ஓடுகிற யோகன். முதல்தடவை போனேன். உள்ளே பாய் விரித்து இருந்தோம். மைக் இல்லை. யோகன் பாட்டில் ஒரு வரியை மறந்து முழித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவரும்தான். என் முழங்கால் நோவுக்குப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். சபையில் இத்தனை வருடத்தில் அந்த முழங்கால் கடவுளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதே இல்லை.

பிறகு பிளேன்ரீ. யோகன் சொன்னார்: "இண்டையான் காணிக்கை அன்னம் அக்கான்ர கதவுக்கு. பலகை நான் தாறன்."

எல்லோரும் ஓம். நான்தான் முதல் ஓம் சொன்னது.

மேரி அன்ரி கேட்டா: "அப்ப கதவில ஆரின்ர பேரை எழுதுறது?"

"வீட்டுச் சபை எண்டு போடுவம்."

"பலகை தாறது யோகன் எல்லோ?"

"சீச்சீ, எனக்கு வேண்டாம். சின்னதா ஒரு மூலையில போட்டால் காணும்."

"மேல ஒரு வசனமும் போட்டால் வடிவு."

ஏசி இல்லாமலே எனக்குக் குளிர்ந்தது.

அன்னம் அக்கா கோப்பைகளைப் பொறுக்கியபடி உரப்பையை ஒருக்கால் திரும்பிப் பார்த்தா.

"பேர் ஒண்டும் வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாளைப் பெலமாப் போட்டுத் தாங்கோ."