எதிலிருந்து எடுத்த மருந்து

அன்புள்ள டாக்டர் அண்ணனுக்கு,

உங்கள் பழைய கம்பவுண்டர் ஸலாமுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால் நலம் என்று எழுதுவதுதான் சரி. நீங்கள் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருப்பீர்கள். முட்டிவலிக்கு நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளாமல் வேறு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன வாரம் சார்ஜர் வாங்கப் போனேன். உங்கள் நாற்காலி இருந்த மூலையில் கண்ணாடி அலமாரி நிற்கிறது. என் மருந்து ஜன்னலை மட்டும் அடைக்கவில்லை. அதன் வழியாகத்தான் பில் நீட்டுகிறார்கள். சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி அங்கேயே நின்றேன்.

கேப்ஸ்யூல் உறை எதில் செய்தது என்று நான் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கேட்கும்போதெல்லாம், உமக்கு மருந்து கொடுக்கிற வேலையா, மருந்துக்கு ஜாதகம் பார்க்கிற வேலையா என்று கேலி செய்வீர்கள். அந்தத் தையல்காரர் வந்த பிறகுதான் கேலி நின்றது. அவர் காலில் ரத்தம் கட்டியபோது நீங்கள் போட்ட ஊசிமருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லி, தெரிந்துகொண்டு வந்தார். சண்டை போடவில்லை. “சொல்லியிருந்தாலும் போட்டுக்கிட்டுதான் இருப்பேன், டாக்டர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாளே மருந்துச்சீட்டில் ‘எதிலிருந்து எடுத்தது’ என்று ஒரு கட்டம் போட்டு அச்சடிக்கச் சொன்னீர்கள். பதினெட்டு வருஷம் அந்தக் கட்டத்தை என் கைதான் நிரப்பியது.

அதே கை செய்ததை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சிக்கு, அதுதான் என் வீட்டுக்காரிக்கு, கணையம் பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. ஜீரணத்துக்கு ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. மாற்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மறைக்காமல் அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷம் தொடாததைக் கடைசியில் தொட வேண்டாமே என்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்போம் என்றதற்கும், அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தாள். எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கியது.

பயந்துவிட்டேன், அண்ணே. ஆப்பிளை மசித்து, கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருந்த சின்னச் சின்ன மணிகளை அதில் கலந்தேன். ஏதோ விதை, வயிற்றுக்குக் குளிர்ச்சி, கடிக்காமல் விழுங்கு என்று சொன்னேன். பதினோரு நாள், ஒவ்வொரு வேளையும் கொடுத்தேன். வயிறு அடங்கியது. முகம் தெளிந்தது.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, “பாத்தீங்களா, அந்த மருந்து இல்லாமலே அல்லாஹ் என்னைத் தேத்திட்டான்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் என் கையால் எதையும் வாங்காமல், தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் அவளாகவே ஹஜ்ரத்தைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். வேறு வழியே இல்லாதபோது உயிரைக் காக்க அனுமதி உண்டு, அதில் உங்கள்மேல் பாவமில்லை என்று அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்த அனுமதியை எடுத்துக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. உங்க மனைவிங்கறதால அது உங்க கைக்கு வந்துடாது” என்றார். மூத்த மருந்துக்காரன், தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

இப்போது அவளே கேப்ஸ்யூலை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்குகிறாள். எடை நாற்பத்தொன்று. என்னிடம் பழையபடி பேசுகிறாள். என் குறட்டையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால், உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். வேண்டுமென்று செய்வதில்லை. அப்படிப் பார்ப்பது அவளுக்கே தெரியாது.

நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லியோ, மருந்தைப் பற்றியோ எழுத வேண்டாம். ஒருநாள் கிளினிக்குக்கு அவள் ஃபிளாஸ்க்கில் அனுப்பிய டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்ததையும், நாம் இருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்ததையும் எழுதுங்கள். அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நான் சொன்னால் நம்புவாளோ என்னவோ. நீங்கள் சொன்னால் நம்புவாள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் வீட்டில் நீங்கள் எதை நீட்டினாலும், அதைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறவர்கள் என்றும் உங்களைச் சுற்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் துஆவை வேண்டும்
பழைய கம்பவுண்டர்