பழைய பெயரில் ஒரு கையெழுத்து

அன்பு மகள் ஐலாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டீட்டரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் உன் ஓட்டுதான். நீ ஜெர்மனியிலிருந்து தபாலில் அனுப்பியது வந்துவிட்டது, ஆனால் உறையின் மேல் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம், இங்கே வாக்காளர் பட்டியலில் உனக்கு இன்னும் நம் குடும்பப் பெயர் கொஸ்கெலாதான், அதனால் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். புதுப்பெண்ணின் கை, தானாகப் போட்டுவிட்டது, உன்னைக் குறை சொல்லவில்லை. வேறு வருடமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இந்தத் தடவை மாநில சபையில் இரண்டு கட்சிக்கும் சரிபாதி இடம், மிச்சம் நம் தொகுதி ஒன்றுதான், இங்கேயும் இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு, எண்ணாமல் கிடப்பது உன் உறை மட்டும். அவர்கள் உனக்கு அனுப்பிய படிவத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பழைய பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பிரிப்பார்கள், இல்லாவிட்டால் சீட்டுக் குலுக்கல். பிரித்துவிட்டால் நீ யாருக்குப் போட்டாய் என்பது ஊருக்கே தெரிந்துவிடும், அதுதான் என் பயம்.

இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வந்தார்கள். இருவருமே உன்னைத் தங்கமான பெண் என்றார்கள், நான் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே என் முகத்தில் பதிலைத் தேடினார்கள், எனக்கே தெரியாதது என் முகத்தில் எங்கே இருக்கும். கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒருத்தி, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜெர்மனிக்குப் போனவளுக்கு இங்க என்னடி ஓட்டு, என்று என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். நேற்று நம் தபால் பெட்டியை யாரோ வண்டியால் இடித்துச் சாய்த்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாதை முனையில் ஒரு பிக்கப் வண்டி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது, இதை எழுதும்போதும் சத்தம் கேட்கிறது. அப்பா துப்பாக்கியைத் துடைத்து வாசல் கதவருகே சாத்தி வைத்திருக்கிறார், மான் வேட்டைக்கு என்கிறார், சீசன் இன்னும் தொடங்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா.

சனிக்கிழமை வழக்கம்போல உன் ஞானத்தகப்பன் டுவேன் நம் வீட்டு நீராவிக் குளியல் அறைக்கு, சௌனாவுக்கு, வந்தார். வேறு கட்சிதான், ஆனாலும் அந்த நீராவிக்குள் அரசியல் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இத்தனை வருடத்தில் அவர் மீறியதில்லை. அன்று சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அப்பாவைப் பார்த்து, ரெய்னோ, புள்ளைய சும்மா இருக்கச் சொல்லுடா, எங்க ஆளுங்க எல்லாரும் என்னை மாதிரி இல்ல, என்றாராம். அப்பா பாதியிலேயே துண்டோடு எழுந்து வந்துவிட்டார். டுவேன் அன்பாகச் சொன்னாரா மிரட்டினாரா என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. உன் ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான்.

கையெழுத்துப் போடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாவிடம் கேட்டதற்கு, அவ ஓட்டு, அவ போட்டுட்டா, நாம யாரு தடுக்க, என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஆனால் என் பயத்துக்காக உன் வாயை அடைத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு உன்னிடம் பேசுவேன். போட்டு அனுப்பு, ஐலா. பள்ளிக்கூடத்தில் போட்டது போலவே போடு. யாருக்கு என்று எங்களிடமும் சொல்லாதே.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கிறிஸ்துமஸுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. உன் கட்டிலுக்குப் புதுப் போர்வை வாங்கி விரித்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும், இந்த வருடம் நீ இங்கே வர வேண்டாம் கண்ணு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா மார்லிஸ்